பிரிவு 18: ஏழு வழிகளில் எந்தப் பையனுக்கு எது பொருந்தும்?

சிறார் நீதிச் சட்டம், 2015 இன் பிரிவு 18, தவறு செய்தான் என்று முடிவான சிறுவன் விஷயத்தில் இளைஞர் நீதிக் குழுமம் போடக்கூடிய உத்தரவுகளை (அ) முதல் (எ) வரை ஏழாக அடுக்குகிறது. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்கி, மூன்று ஆண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைப்பதில் முடிகிறது பட்டியல். பார்த்தால் ஏணிப்படி போலத் தெரியும். குற்றம் பெரிதாகப் பெரிதாக ஒரு படி மேலே ஏற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் பலரும் வாதாடுகிறார்கள். சில குழுமங்களும் அப்படித்தான் உத்தரவு போடுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றத்தின் தன்மை, சிறுவனுக்குத் தேவைப்படும் கண்காணிப்பு, சமூகப் புலனாய்வு அறிக்கையில் வெளிவந்த சூழல், அவனுடைய கடந்தகால நடத்தை ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்கிறது. நான்கில் ஒன்றுதான் குற்றம். மீதி மூன்றும் அவன் நாளைக் காலை எந்த வீட்டில் எழுந்திருப்பான், யார் அவனை எழுப்புவார்கள் என்பதைப் பற்றியவை.

தமிழ்நாட்டில் இந்த வழிகள் ஒவ்வொன்றும் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பார்ப்போம். குழுமத்தில் உட்காரும் சமூகப் பணி உறுப்பினர்கள், இந்தத் துறைக்குப் புதிதாக வரும் வழக்கறிஞர்கள், பையனைப் பெற்றவர்கள் மூவருக்கும் இது பயன்படும்.

முதலில், குற்றம் எந்த வகை?

சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் என்றால் கடும் குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். அதிகபட்சம் ஏழைத் தாண்டியும் குறைந்தபட்சம் எதுவும் சொல்லப்படாத குற்றங்கள் நீண்ட காலம் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. 2020 இல் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கடும் குற்றம் என்று வைத்தது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இதன் விளைவு சில இடங்களில் ஆச்சரியம் தரும். கொலை முயற்சி கேட்க பயங்கரமாக இருக்கிறது, ஆனால் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் அது கடும் குற்றம்தான். செல்போன் பறிப்பை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 304 இல் பதிவு செய்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு, அதாவது சிறு குற்றம். அதையே வழிப்பறி என்று பிரிவு 309 இல் போட்டால் கடும் குற்றம். "கத்தியைக் காட்டிப் பறித்தான்" என்று ஒரு வரி சேர்ந்து பிரிவு 311 வந்துவிட்டால் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, கொடுங்குற்றம் ஆகிவிடுகிறது. கஞ்சா வழக்கில் ஒரு கிலோ வரை சிறு குற்றம், 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தபட்சம் பத்தாண்டு என்பதால் கொடுங்குற்றம், இடைப்பட்டது கடும் குற்றம்.

ஆகவே காவல் நிலையம் எழுதிய பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டு "எந்த உத்தரவு கேட்கலாம்" என்று யோசிக்கத் தொடங்குவது தவறு. சிறு குற்றத்தில் முதல் முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதமும் நீட்டிப்பு இரண்டு மாதமும் கழிந்து விசாரணை முடியாவிட்டால், பிரிவு 14(4) இன்படி வழக்கே முடிந்துபோகும். கடும் குற்றத்தில் அந்தச் சலுகை இல்லை. பதினாறு முடிந்த பையன் மீது கொடுங்குற்றம் என்றால் பாதையே வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறிக்கையில்தான் எல்லாம்

எந்த உத்தரவு பொருந்தும் என்பதை வாதத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூகப் புலனாய்வு அறிக்கை. மத்திய மாதிரி விதிகளில் படிவம் 6. பதினைந்து நாட்களுக்குள் தரவேண்டும். குடும்பம், படிப்பு, வேலை, சேர்க்கை, போதைப் பழக்கம், அவன் மீது நடந்திருக்கக்கூடிய வன்முறை என்று பல பக்கங்களுக்கு ஓடும் படிவம் அது. அதை ஒழுங்காக நிரப்ப வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், தெருவில் இரண்டு பேரிடம் பேச வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் ஓரிருவர் அலைகிற நிலையில் பல அறிக்கைகள் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன. "குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை, தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், கூடா நட்பு" என்ற மூன்று சொற்றொடர்கள் யாருக்கும் பொருந்தும். ஆகவே யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பையனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்ப அந்த மூன்றே போதுமானதாகிவிடுகிறது.

பெற்றோர் செய்யக்கூடியது இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஏதாவது சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகள், தலைமையாசிரியரோ வேலை கொடுத்தவரோ எழுதிய கடிதம் இவற்றை அலுவலரிடம் கையில் கொடுக்கலாம். அப்பா குடிப்பவர் என்றால் அதை மறைப்பதில் பயனில்லை. "அப்பா குடிப்பார், ஆனால் பையன் இரவு தூங்குவது பாட்டி வீட்டில், பாட்டிக்கு அவன் அடங்குவான்" என்ற தகவல் அறிக்கையில் ஏறினால் உத்தரவு மாறும். இளைய வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் தயாரிப்பில் பாதியை இந்த அறிக்கைக்குக் கொடுத்தாலே நல்லது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் மறுப்பு கொடுங்கள்.

இலேசான நான்கு

(அ) அறிவுரை அல்லது கண்டிப்புடன் வீட்டுக்கு அனுப்புவது. முதல் முறை, சிறு குற்றம், பிடிபட்டதே அவனுக்குப் பெரிய அதிர்ச்சி என்றால் இது போதும். சட்டம் இதனுடன் பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை என்று சேர்த்தே சொல்கிறது. அந்தப் பாதி வழக்கமாக விட்டுப்போகிறது.

(ஆ) குழு ஆலோசனை. உத்தரவில் யார் நடத்துவது, எந்த இடம், எத்தனை அமர்வு, எந்தத் தேதியில் அறிக்கை என்று இருந்தால் நடக்கும். "ஆலோசனையில் பங்கேற்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் நடக்காது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர் பெயரளவில் ஒரு முறை பேசிக் கையெழுத்து வாங்குவதோடு முடியும். இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் முறை தவறிய 14 வயதுப் பையனை, நான்கு வழக்குள்ள 17 வயதுக்காரர்களோடு ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் அவன் கற்றுக்கொள்வது ஆலோசகரிடமிருந்து அல்ல.

(இ) சமூகப் பணி. விதிகளின்படி 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பூங்கா பராமரிப்பு, முதியோர் இல்லத்தில் உதவி, மருத்துவமனையில் உதவி, போக்குவரத்துத் தன்னார்வலர் போன்றவை விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. வேலையைக் கடைசி வரை செய்து முடிக்கிற பையனுக்கு "நானும் ஒன்றுக்கு உதவுவேன்" என்ற எண்ணம் வருவது உண்மை. ஆனால் மூன்று விஷயத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். பள்ளி நேரத்தில் வேலை இருக்கக்கூடாது. மொத்த மணிக்கணக்கு உத்தரவில் இருக்க வேண்டும். அவன் ஏன் வந்திருக்கிறான் என்பது பொறுப்பாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. பிரிவு 74 இன்படி அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்தில் வண்டி கழுவ வைப்பதைச் சமூகப் பணி என்று எழுதுவதை ஏற்கக்கூடாது. அங்கிருந்து விலக்குவதற்காகத்தானே இந்தச் சட்டமே.

சமூகப் பணி என்றவுடன் 2024 மே மாதம் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய காரால் நடந்த விபத்தும், அவனை 300 சொல் கட்டுரை எழுதச் சொன்ன உத்தரவும் பலருக்கு நினைவுக்கு வரும். அது பிரிவு 18 இன் கீழ் வந்த இறுதி உத்தரவே இல்லை, ஜாமீன் நிபந்தனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுந்த கோபத்தின் வெப்பம் இன்னும் குழுமங்களில் இருக்கிறது. அதைக் கண்டு சமூகப் பணி உத்தரவையே தவிர்ப்பது சரியல்ல. 2024 ஜூலை முதல் பெரியவர்களுக்கே, முதல் முறை ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால், சமூக சேவைதான் தண்டனை. அதே திருட்டுக்கு ஒரு பையனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால் பெரியவனைவிடச் சிறுவனை அதிகம் தண்டித்ததாகிவிடும்.

(ஈ) அபராதம். பையனோ பெற்றோரோ கட்டவேண்டும் என்று உத்தரவிடலாம். பட்டியலில் மிகக் குறைவாகப் பயன்படுவது இதுதான், அப்படியே இருக்கட்டும். வசதியான வீட்டில் அப்பா அன்றே கட்டிவிட்டுப் போவார், பையனுக்கு எதுவும் உறைக்காது. இல்லாத வீட்டில் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள். அதை அடைக்கப் பையனே வேலைக்குப் போவான், பள்ளி நின்றுபோகும். 14 வயதுக்குக் கீழ் வேலை செய்வதே சட்டவிரோதம். அதற்கு மேல் 18 வரை அபாயகரமான வேலை கூடாது.

நன்னடத்தையின் பேரில் விடுவிப்பு

(உ) என்ற இந்த வழியைத்தான் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர், பாதுகாவலர் அல்லது தகுதியான நபர் ஒருவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க, ஜாமீன்தாரருடனோ இல்லாமலோ, அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை அவர் பொறுப்பில் பையனை விடுவது. கண்காணிப்பும் உண்டு, வீடும் போகவில்லை, படிப்பும் போகவில்லை. கடும் குற்றங்களில்கூட முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து. இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று சட்டத்தின் பிரிவு 3 அடிப்படைக் கோட்பாடாகவே சொல்கிறது. இல்லத்துக்கு அனுப்பச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பக் கேட்பவர் அல்ல.

இந்த வழி தோற்கும்போது பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரும் பையனை உண்மையில் கவனிப்பவரும் வேறு வேறு ஆட்கள். அப்பா கேரளத்திலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார். விசாரணை நாளில் வந்து கையெழுத்திட்டு அன்றிரவே பஸ் ஏறிவிடுவார். வீட்டில் இருக்கும் அம்மா பத்திரத்தில் இல்லை, நன்னடத்தை அலுவலரை அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட யாருக்குத் தகுதி என்று கேட்பதைவிட, இரவு ஒன்பது மணிக்கு அவன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்கக்கூடியவர் யார் என்று கேட்டு அவரைப் பத்திரத்தில் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, திரும்பப் போகும் தெருவே பிரச்சினையாக இருப்பது. வீட்டு வாசலிலேயே கஞ்சா கைமாறுகிற இடத்துக்கு அவனை அனுப்பி "நன்னடத்தையாக இரு" என்று எழுதுவதில் பொருளில்லை. இங்கே "தகுதியான நபர்" என்ற சொல் உதவும். தாய்மாமன், சித்தி, தாத்தா என்று வேறு ஊரில் பொறுப்பான ஒருவர் இருந்தால், குழுமம் விசாரித்துப் பிரிவு 52 இன் கீழ் அவரைத் தகுதியான நபராக ஏற்கலாம். பையன் அங்கே பள்ளி மாறிச் சேரலாம். அடுத்த ஊர் மாமன் வீடு என்பது நம் குடும்பங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான். அதற்குச் சட்டத்தின் முத்திரை கிடைக்கிறது, அவ்வளவே. மாமன் வீட்டுக்கு அனுப்பி அங்கே சம்பளமில்லாத கடைப் பையனாக ஆக்கிவிடுவதும் நடக்கிறது. மூன்று மாதத்தில் நன்னடத்தை அலுவலர் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏற்பாடு சரிவரவில்லையென்றால் யார் பொறுப்பில், எந்த நிறுவனத்தில் என்பதைப் பிரிவு 104 இன் கீழ் குழுமமே மாற்றிக்கொள்ளலாம். புது வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

(ஊ) என்பது இதே ஏற்பாட்டை, தனி ஆளுக்குப் பதிலாகத் தகுதியான நிறுவனத்தின் பொறுப்பில் செய்வது. அதற்கும் வரம்பு மூன்று ஆண்டு. வீடே இல்லாத, வீட்டிலேயே அடிபட்ட பையனுக்குச் சிறப்பு இல்லத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் "வழக்குப் பையன்" என்றால் பதிவு பெற்ற நிறுவனங்களே தயங்குகின்றன. உத்தரவு போடும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை என்றால், விசாரணைக் காலத்தில் வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலேயே அவன் கிடப்பான்.

கூடச் சேர்க்கும் உத்தரவுகள்

பிரிவு 18(2) ஐப் பலர் கவனிப்பதே இல்லை. மேலே சொன்ன எந்த உத்தரவோடும் சேர்த்து, பள்ளிக்குப் போக வேண்டும், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர வேண்டும், சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும், குறிப்பிட்ட இடத்துக்குப் போகக்கூடாது, போதை மறுவாழ்வுச் சிகிச்சை பெற வேண்டும் என்று உத்தரவிடலாம். (உ) வையும் இதையும் சேர்த்துக் கட்டினால்தான் நன்னடத்தை விடுவிப்புக்கு எலும்பு வரும்.

கால் கிலோ கஞ்சாவோடு பிடிபட்ட 16 வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். சிறு குற்றம். கண்டித்து அனுப்பினால் ஒரு மாதத்தில் திரும்ப வருவான், ஏனென்றால் அவன் விற்றதே தன் பழக்கத்துக்குக் காசு வேண்டித்தான். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால் அவனுக்குச் சரக்கு கொடுத்தவனின் வலை அங்கேயும் இருக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை, அம்மா பெயரில் ஓராண்டுப் பத்திரம், ஐ.டி.ஐ. சேர்க்கை என்று மூன்றும் ஒரே உத்தரவில் இருந்தால் வாய்ப்பு இருக்கிறது. முதல் சில வாரங்களில் மறுபடி ஒரு முறை புகைத்தால் உத்தரவே தோற்றது என்று கருதிவிடக்கூடாது. போதையிலிருந்து மீள்கிறவர்களில் பலர் ஒருமுறையாவது சறுக்குவார்கள் என்பது எந்த மனநல மருத்துவரும் சொல்வது.

"குறிப்பிட்ட இடத்துக்குப் போகக்கூடாது" என்பதற்கு நம் ஊரில் தனி முக்கியத்துவம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இப்படிச் சாதி வெறியில் நடந்த தாக்குதலில், பையனை அவன் வீட்டுக்கே அனுப்புவது பாதிக்கப்பட்டவர் தினமும் நடக்கும் தெருவுக்கு அவனை அனுப்புவதாகிவிடும். அதே ஊர்ப் பெருமைதான் அவனைக் கத்தி எடுக்க வைத்தது. போய் இறங்கினால் மாலை போடவும் ஆளிருக்கும். இந்த வகை வழக்கில் வேறு ஊரில் தகுதியான நபர், பழைய பள்ளிக்கும் தெருவுக்கும் தடை, தொடர்ச்சியான ஆலோசனை என்று பிணைத்த உத்தரவு வேண்டும். அது முடியாதபோது சிறப்பு இல்லம் என்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(v) சேர்ந்தால் தண்டனை ஆயுள் என்றாகிறது. வெறும் கொலை முயற்சியாக இருந்தபோது போட்ட கணக்கை அங்கே திரும்பப் போடவேண்டும்.

சிறப்பு இல்லம்

(எ): மூன்று ஆண்டுக்கு மிகாமல். படிப்பு, தொழில் திறன், ஆலோசனை, நடத்தைச் சிகிச்சை, மனநல உதவி ஆகியவற்றைத் தருவதற்காக என்று சட்டம் காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறது. உள்ளே மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் குழுமம் அவனைப் பாதுகாப்பிடத்துக்கு (சிறையோ காவல் நிலைய லாக்கப்போ அல்லாத தனி இடம்) மாற்றலாம்.

எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஏற்றுக்கொள்ள வீடும் இல்லை, தகுதியான நபரும் இல்லை, நிறுவனமும் இல்லை என்று தேடிப் பார்த்து முடிவானபோது. நன்னடத்தை விடுவிப்பு ஏற்கெனவே முறையாக முயன்று தோற்றபோது. வெளியே இருந்தால் அவன் உயிருக்கே ஆபத்து என்றபோது. பழிவாங்கும் கும்பல் காத்திருக்கும் கொலை வழக்குகளில் இது கற்பனை அல்ல. "கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

அனுப்பும் முன் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கான அரசினர் சிறப்பு இல்லம் செங்கல்பட்டில் இருக்கிறது. திருநெல்வேலிப் பையன் ஒருவன் அங்கே வந்தால் வீட்டுக்கும் அவனுக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல். தினக்கூலி அம்மா ஒரு முறை வந்து பார்த்துப் போக இரண்டு நாள் கூலியும் வண்டிச் செலவும். வருகை குறையக் குறைய, அவன் திரும்பிப் போவதற்கான இடமும் தேய்ந்துவிடும். பெண் பிள்ளைகளின் வழக்குகள் எண்ணிக்கையில் குறைவு, அதனாலேயே இல்லங்களும் குறைவு. தூரம் அவர்களுக்கு இன்னும் கூடுதல்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பேசாமல் இருக்க முடியாது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். தாக்கியதாக ஊழியர்கள் கைதானார்கள். அதைத் தொடர்ந்துதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2023 இல் இல்லங்களைச் சீரமைப்பது பற்றி அறிக்கை கொடுத்தது. 1920 ஆம் ஆண்டிலேயே நாட்டுக்கு முன்னோடியாகச் சிறார் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பும் குழுமம் அங்கே நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது இல்லங்களை ஆய்வு செய்வது சட்டம் அதற்குக் கொடுத்த வேலை.

அனுப்பிவிட்டால் முழுக் காலமும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையின் பேரில் பிரிவு 97 இன் கீழ், நிபந்தனையோடோ நிபந்தனையின்றியோ, முன்னதாகவே விடுவிக்கலாம். தேர்வு, நெருங்கிய உறவில் கல்யாணம், சாவு போன்றவற்றுக்குப் பிரிவு 98 இன் கீழ் பொதுவாக ஏழு நாள் வரை விடுப்பு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், பெற்றோர் பலருக்கு இப்படி இரண்டு பிரிவு இருப்பதே தெரியாது. விசாரணையின்போது கூர்நோக்கு இல்லத்தில் கழித்த நாட்களைக் கணக்கில் கழிக்கச் சொல்லி இறுதி வாதத்திலேயே கேட்டு, உத்தரவில் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

பதினாறு முடிந்தவனும் கொடுங்குற்றமும்

இதுவரை சொன்ன ஏழும் சிறு குற்றம், கடும் குற்றம், பதினாறுக்குக் கீழுள்ளவரின் கொடுங்குற்றம் ஆகியவற்றுக்கு. பதினாறு முடிந்தவன் மீது கொடுங்குற்றம் என்றால், அவனைப் பெரியவராக விசாரிக்க அனுப்பலாமா என்று குழுமம் முதலில் பிரிவு 15 இன் கீழ் பூர்வாங்க மதிப்பீடு செய்யவேண்டும். அந்தச் செயலைச் செய்ய மனதாலும் உடலாலும் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பவை கேள்விகள். செய்தானா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது சட்டம். அந்தக் கெடு கட்டாயமல்ல என்று 2024 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உளவியல் நிபுணரின் உதவியோடு இதைக் கவனமாகச் செய்யவேண்டும் என்று 2022 இல் பருண் சந்திர தாக்கூர் வழக்கில் விரிவாகவே சொன்னது. ஐ.க்யூ. சோதனை ஒன்றை எடுத்து, "இயல்பான அறிவுத்திறன், ஆகவே விளைவு புரிந்திருக்கும்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அறிவுத்திறன் வேறு, நண்பர்கள் சுற்றி நிற்கும்போது கையை நிறுத்தும் திறன் வேறு.

குழுமம் தானே வைத்துக்கொண்டால் மேற்சொன்ன ஏழில் ஒன்று, உச்சவரம்பு மூன்று ஆண்டு. செஷன்ஸ் நிலையிலுள்ள குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் பெரியவருக்கான தண்டனை வரை போகலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளும் மட்டும் கூடாது. 21 வயது வரை பாதுகாப்பிடம். பிறகு அவன் எப்படி மாறியிருக்கிறான் என்று பார்த்து விடுவிக்கலாம், அல்லது மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். குழுமம் அனுப்பிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. பெரியவராக விசாரிக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்து, பிரிவு 18 உத்தரவையே குழந்தைகள் நீதிமன்றமும் போடலாம். மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் உண்டு.

இந்தப் பாதையில் தேவையே இல்லாமல் வந்து விழுகிறவர்கள் காதல் விவகாரப் போக்சோ வழக்குப் பையன்கள். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போய் நாலு நாளில் பிடிபடுகிறார்கள். பெண் வீட்டார் புகாரில் போக்சோ சட்டத்தின் பிரிவு 6 விழுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சமே 20 ஆண்டு, ஆகவே கொடுங்குற்றம். கொலை முயற்சிப் பையன் (எ) வரைதான் போவான். இவன் செஷன்ஸ் வரை போகலாம். இப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம், இளம் பருவத்து உறவுகளைத் தண்டிக்கப் போக்சோ வரவில்லை என்று சொல்லி ரத்து செய்திருக்கிறது. குழுமத்தில் செய்யக்கூடியது, "எந்தச் சூழலில்" என்ற மூன்றாவது கேள்வியில் முழு எடையையும் வைத்து வழக்கை இங்கேயே நிறுத்திக்கொள்வது. பிறகு (உ). பெண்ணின் வாக்குமூலத்தில் மிரட்டலோ கட்டாயமோ இருந்தால் இந்தப் பத்தி பொருந்தாது.

உத்தரவு கையில் வந்தபின்

இறுதி உத்தரவில் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் முதன்மை நடுவர், கையெழுத்திட்டிருக்க வேண்டும். பையனுக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டம், அதாவது படிவம் 7, இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்பது அதில்தான் இருக்கும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

இந்த ஏழு உத்தரவில் எதுவானாலும் பிரிவு 24 இன்படி பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வராது. குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராக நடத்தித் தீர்ப்பளித்த பதினாறு முடிந்தவருக்கு மட்டும் விதிவிலக்கு. மாதிரி விதிகளின்படி ஆவணங்கள் ஏழு ஆண்டுக்கு மேல் வைக்கப்படக்கூடாது, பிறகு அழிக்க வேண்டும். காவலர் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இந்தப் பழைய வழக்கைக் காட்டி வேலை மறுத்தால், சிறுவயதில் நடந்ததை வைத்து மறுக்க முடியாது என்று 2019 இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வையுங்கள். அதற்கு இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல் தேவைப்படும். குழும அலுவலகத்தில் அன்றைக்கே மனுப் போட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துவிடுங்கள்; ஏழாண்டு கழித்துத் தேடிப்போனால் அங்கே இருக்காது, இருக்கவும் கூடாது.